மொச்சூடி: இடம்பெயர்ந்து வந்தவர்கள் கட்டிய ஊர்

போட்ஸ்வானாவில் எனக்கு வேலை கிடைத்ததும், தலைநகரிலேயே வீடு பாருங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கபரோனேயில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது, பருப்பும் புளியும் கிடைக்கின்றன. ஆனால் வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மொச்சூடிக்கு வந்துவிட்டோம். இங்கே இதைக் கிராமம் என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே 40,000 பேருக்கு மேல் இருந்த இடம் இது. நம் பக்கம் என்றால் எப்போதோ நகராட்சி ஆக்கியிருப்பார்கள்.

வீட்டுக்காரம்மா எழுபது வயதைத் தாண்டியவர். சாவியைக் கொடுத்த கையோடு, "வா, கோட்லாவில் சொல்லிவிட்டு வருவோம்" என்றார். கோட்லா என்பது ஊர் கூடும் இடம். பிறை வடிவில் ஊன்றிய மரக்கம்பங்கள், பக்கத்திலேயே மாட்டுப்பட்டி. பஞ்சாயத்து, அறிவிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். கிளம்பும்போது என் சுடிதாரை மேலும் கீழும் பார்த்தார். பெண்கள் பேன்ட் போட்டுக்கொண்டு கோட்லாவுக்குள் போகக் கூடாதாம். உள்ளே போய்த் தன் கட்டம் போட்ட சால்வையை எடுத்து வந்து, என் இடுப்பில் சுற்றி, ஒரு பெரிய ஊக்கைக் குத்திவிட்டார். அப்புறம்தான் புறப்பட்டோம். பகுதித் தலைவர் பாஸ்போர்ட்டையோ விசாவையோ கேட்கவில்லை. யார் வீட்டில் இருக்கிறாய், உனக்கு ஒன்றென்றால் யார் வந்து பேசுவார் என்று இரண்டே கேள்விதான். இரண்டுக்கும் வீட்டுக்காரம்மாவே பதில் சொல்லிவிட்டார்.

வெளியாட்களை இப்படி ஓர் இடத்தில் சேர்த்துக்கொள்வது இவர்களுக்கு எப்படிக் கைவந்தது என்று யோசித்ததுண்டு. ஊரின் கதை தெரிந்தபோது வியப்பு போய்விட்டது. மொச்சூடியைக் கட்டியவர்களே இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான்.

மொச்சூடியைக் கட்டிய பகட்லா மக்களின் பழைய ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், இன்றைய தென்னாப்பிரிக்காவில் பிலன்ஸ்பெர்க் மலைகளை ஒட்டிய மொருலெங். அங்கே டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்கள் இவர்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். அணை கட்டுவதற்குக் கல் ஏற்றிய வண்டிகளை மாட்டுக்குப் பதில் மனிதர்களைப் பூட்டி இழுக்க வைத்தார்கள். தலைவர் காமன்யானே, இனி ஆள் அனுப்ப முடியாது என்றார். 1870இல் பால் க்ரூகர், ஆம், பின்னாளில் டிரான்ஸ்வால் என்ற போயர் குடியரசின் அதிபரான அதே க்ரூகர், அவருக்குப் பலர் பார்க்கச் சாட்டையடி கொடுத்தார். அடுத்த ஆண்டே காமன்யானே தன் மக்களில் பெரும்பகுதியை அழைத்துக்கொண்டு இந்த நொத்வானே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். வந்த இடமும் சும்மா கிடைக்கவில்லை. நிலம் எங்களுடையது, கப்பம் கட்டு என்றார் குவேனா மக்களின் தலைவர் செச்சேலே. காமன்யானேயின் மகன் முதலாம் லின்ச்வே மறுத்தார். சண்டை பல ஆண்டுகள் இழுத்தது.

ஊர் அமைந்த விதத்தில் இந்த வரலாறு தெரிகிறது. கோசிங், மொரேமா, மபோடிசா, ட்சுகுடு, மனமகோட்டே என ஐந்து பெரும் பிரிவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிறு சிறு பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கோட்லா, அதைச் சுற்றி வீடுகள். தெருப்பெயர், கதவு எண் எதுவும் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடிக்கலாம். கூரியர்காரர்தான் பாவம்.

சரி, பிறகு இந்தப் பழைய ஒழுங்கு எப்படித் தேய்ந்தது? ஒரே நாளில் அல்ல. 1892இல் முதலாம் லின்ச்வே ஞானஸ்நானம் பெற்றார். இளைஞர்களைக் காட்டுக்கு அழைத்துப்போய்ப் பெரியவர்களாக்கி அனுப்பும் போக்வேரா சடங்கு அவர் காலத்திலேயே நின்றது. ஆண்கள் ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களுக்குப் போனார்கள். வீட்டுக்காரம்மாவின் அப்பாவும் போனவர்தான். வருடக் கடைசியில் கம்பளியும் இருமலுமாக வருவார் என்று சொல்வார். 1966இல் நாடு விடுதலை பெற்றது. 1968இல் வந்த பழங்குடி நிலச் சட்டம், மனை பிரித்துக் கொடுக்கும் அதிகாரத்தைத் தலைவர்களிடமிருந்து எடுத்து நில வாரியங்களிடம் கொடுத்தது. அதன்பின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் தம்பிக்கு மனை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. படிவம் கொடுத்துக் காத்திருந்தால் ஊர்க் கோடியில் கிடைக்கும். பழைய பகுதிகளில் மண்சுவர் வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நான் நடக்கும் வழியில் அப்படி ஒன்று உண்டு. கூரை போய்விட்டது, முற்றத்தின் சுற்றுச்சுவரில் விரலால் இழுத்த சாணக் கோலம் மட்டும் பாதி மிச்சமிருக்கிறது.

இடையில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1920களில் பொறுப்புத் தலைவராக இருந்த இசாங் பிலானே, பூதாடிகோபோ குன்றின் உச்சியில் பள்ளிக்கூடம் கட்டினார். ஒத்த வயதினரைச் சேர்த்து அமைக்கும் வயதுக் குழுக்கள் செங்கல் அறுத்து மேலே சுமந்தன. கூலியில்லா வேலைக்கு மறுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூலியில்லாமல் சுமந்தார்கள் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "அது க்ரூகரின் அணை, இது எங்கள் பள்ளி" என்று முடித்துக்கொண்டார்.

அந்தப் பள்ளிக் கட்டடத்தில்தான் 1976இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஊர் தன்னை மறுபடி பார்க்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவில் தூதராக இருந்துவிட்டுத் திரும்பியிருந்த இரண்டாம் லின்ச்வே, போக்வேராவை மீண்டும் நடத்தினார். பின்னர் அது மறுபடி விட்டுப்போனது. அவருடைய மகன் இரண்டாம் காஃபெலா 2008இல் பட்டமேறி, சிறுத்தைத் தோல் போர்த்தி, அடுத்த ஆண்டே மறுபடி தொடங்கினார். இம்முறை விருத்தசேதனத்தை மருத்துவர்கள் செய்தார்கள். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் போனார்கள்.

இதையெல்லாம் மறுமலர்ச்சி என்று கைதட்டுவது எளிது. எனக்கு முழுசாகக் கைதட்ட வரவில்லை. போக்வேராவோடு வயதுக் குழுக்களும் உயிர்பெற்ற கையோடு, ஒழுக்கம் கெட்டவர்கள் என்று பட்டவர்களைப் பிடித்துப் பிரம்பால் அடிப்பதும் தொடங்கியது. வழக்கு வந்தது, தலைவர்மீதே குற்றச்சாட்டு பதிவானது. அரசோடு மோதி, கடைசியில் அவர் எல்லை தாண்டிப் போய்விட்டார். எங்கே என்கிறீர்கள்? மொருலெங்குக்கு. காமன்யானே சாட்டையடி பட்டுக் கிளம்பிய அதே இடத்துக்கு. வீட்டுக்காரம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டால் தலைவரையும் திட்டுவார், அரசையும் திட்டுவார், பிறகு தேநீர் போடப் போய்விடுவார்.

சத்தமில்லாமல் மீண்டவைதான் எனக்கு நெருக்கம். அறுவடை முடிந்து திக்காஃபெலா திருவிழா வரும்போது, பெண்கள் கூடையில் வெள்ளைச் சோளத்தைத் தலையில் சுமந்து குலவையிட்டுக்கொண்டு கோட்லாவுக்குப் போகிறார்கள். நம் குலவைதான், ஒரு ஸ்வரம் கூடுதல். சோளமாவை இரவே புளிக்க வைத்துக் காலையில் களி கிண்ட வீட்டுக்காரம்மாதான் சொல்லிக்கொடுத்தார். தொட்டுக்கொள்ள, காயவைத்த தட்டைப்பயறு இலைக் கீரை. அதில் நான் வரமிளகாய் தாளிப்பதை இன்னும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருடைய தம்பி சுரங்க ஓய்வூதியப் பணத்தில், பழைய பகுதியில் இடிந்து கிடந்த குடும்ப மனையிலேயே வீடு எழுப்பியிருக்கிறார். தகரக் கூரை, அலுமினிய ஜன்னல். முற்றத்துக்கு மட்டும் பழையபடி தாழ்வான சுற்றுச்சுவர். அதன்மேல் உட்கார்ந்துதான் இப்போது அக்காவும் தம்பியும் வாக்குவாதம் செய்கிறார்கள். அடுத்த போக்வேராவுக்குப் பேரனை அனுப்ப வேண்டும் என்கிறார் தம்பி. முதலில் பையன் கணக்கில் பாஸாகட்டும் என்கிறார் அக்கா. கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.