இணுவிலில் பிறந்ததாகச் சொன்னேன்

நம் வரலாற்று ரீச்சர் காலமான செய்தி, கனடாவின் ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மார்கழிக் காலையில் எனக்குக் கிடைத்தது. என் துறையைப் பற்றி எழுதும்படி நம் பள்ளி மலர்க் குழுவினர் முன்பே கேட்டிருந்தார்கள். பெண்கள், மருத்துவம், உலகச் சுகாதாரம் ஆகியவற்றின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு, அது மாமரத்தடி வகுப்பில் சொன்ன ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது என்று எழுத, ரீச்சர் இருந்தவரை துணிவு வரவில்லை.

1986இல் மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றி எழுதி நான் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்றது என் வகுப்பினருக்கு நினைவிருக்கும். மேடையில் செருப்பு அறுந்ததும் மறந்திராது. 1847இல் வந்த அந்த அமெரிக்கர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததையும், பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கியதையும் அடுக்கி, அவர் வரும்வரை யாழ்ப்பாணத்துத் தாய்மார் கதியற்றிருந்தனர் என்று முடித்திருந்தேன். ரீச்சர் அதை வகுப்பில் உரக்க வாசித்துவிட்டு, "அவரிட்டைப் படிச்சதெல்லாம் ஆம்பிளையள். அப்ப பிள்ளைப்பேறு பாத்தது ஆர்?" என்று கேட்டார். நான் விழித்தேன்.

"சரி, உம்மைத் தூக்கியெடுத்தது ஆர்?"

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்தால் வந்து, குசினிக்கு வெளியே குந்தியிருந்து, தனக்கென ஒதுக்கிய பேணியில் தேத்தண்ணி குடித்துப்போகும் மருத்துவிச்சியை வகுப்பில் பாதிப்பேர் அறிவர். "நான் இணுவில் ஆசுப்பத்திரியிலை பிறந்தனான், ரீச்சர்" என்றேன். 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் திறந்த அந்த மிஷன் மருத்துவமனையில் பிறப்பது ஒரு கௌரவம். எங்களுக்கு இரண்டு வளவு தள்ளிக் குடியிருந்த ரீச்சர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இரும் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

1989இல் ஊரைவிட்டுப் புறப்பட்டேன். 1996இல் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் அமெரிக்க மிஷன் தாள்களின் முதற்பெட்டியைத் திறந்தபோது, எங்கள் மருத்துவிச்சி, போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், தென்மராட்சிக்குப் போய்ச்சேருமுன் இறந்துவிட்டிருந்தார். சைக்கிளில் பத்து நிமிடத்தில் போய்க் கேட்டிருக்கக்கூடியதை, கடல் கடந்து வந்து, அவரைப் போன்றவர்களைக் கண்டித்தவர்களின் எழுத்துக்களில் தேடத் தொடங்கினேன்; அதற்கு உதவிப்பணமும் பட்டமும் தந்தார்கள்.

இங்கிலாந்தின் 1902ஆம் ஆண்டு மருத்துவிச்சிகள் சட்டத்தைப் பற்றி ஆண்டுதோறும் விரிவுரை செய்கிறேன். முறையான பயிற்சி இல்லாவிட்டாலும், ஏற்கெனவே தொழில் செய்துவந்த நன்னடத்தையுள்ள பெண்களின் பெயர்களைப் பதிவேட்டில் சேர்க்க அச்சட்டம் இடமளித்தது. காலனிகளில் அத்தகைய பெண்கள் பெயரற்றுப் போனார்கள் என்று மாணவர்களிடம் சொல்லும்போது என் குரலில் சற்றுக் கோபமும் ஏறும். மிஷனரிகளையும் காலனித்துவ மருத்துவர்களையும் குற்றஞ்சாட்டுவது எளிது. அவர்கள் யாரும் எங்கள் மருத்துவிச்சியின் கைகளில் பிறந்தவர்கள் அல்லர்.

என் நூல் அச்சுக்குப் போகுமுன், அதை அவருக்கே காணிக்கையாக்க எண்ணி அம்மாவிடம் பெயரைக் கேட்டேன். "நாங்கள் மருத்துவிச்சி எண்டுதானே கூப்பிட்டனாங்கள்" என்றார் அம்மா. ரீச்சருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய தொலைபேசி இலக்கம் இரண்டு ஆண்டுகளாக என் மேசையில் கிடந்தது. காணிக்கைப் பக்கமின்றியே நூல் வெளிவந்தது.