தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல்

பாட்டுப் பயில வருகிறவர்கள் பெரும்பாலும் பாடும்போது குரல் எப்படி இருக்கிறது என்பதையே கவனிக்கிறார்கள். நாள் முழுதும் பேசும்போது அதே குரலை என்ன பாடு படுத்துகிறோம் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரம் பாட்டுச் சாதகம் (பயிற்சி) செய்துவிட்டு, மீதிப் பகலெல்லாம் கத்திப் பேசினால், குரலில் ஏறிய கரகரப்பைத் தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் போக்காது, ஜண்டை வரிசையும் போக்காது.

சத்தமுள்ள இடத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்டு 1911-இல் இதைக் குறித்து எழுதினார். அவர் பெயராலேயே லொம்பார்டு விளைவு என்கிறார்கள். விசைத்தறிகள் நிறைந்த சோமனூர், பல்லடம் பக்கம் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த விளைவு வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. தறிக்குடோனில் எல்லாத் தறிகளும் ஒருசேர ஓடுகையில், ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடா இப்பக்கமும் அப்பக்கமும் அடிபடும் ஓசையில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அங்கே உரக்கப் பேசாமல் தீராது. ஆனால் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்த பின்பும், செல்போனில் பேசும்போதும், குரல் அதே உயரத்தில் நின்றுவிடுகிறது. எங்கள் ஊரில் ஒருவர் மெதுவாகப் பேசினால், "ஏனுங்க, உடம்புக்கு முடியலீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

தொண்டைக்குள் இருக்கும் குரல் நாண்கள் பேசும்போது ஆண்களுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 தடவையும், பெண்களுக்கு 200 தடவையை ஒட்டியும் அதிர்கின்றன. உரக்கப் பேசினால் அவை மோதிக்கொள்ளும் விசை கூடுகிறது. மோதி மோதி வீங்கிய நாண்கள் சரியாகப் பொருந்தாமல் போக, இடைவெளியில் கசியும் காற்றும் ஒழுங்கற்ற அதிர்வும் நமக்குக் கரகரப்பாகக் கேட்கின்றன. ஆகவே மென்மையான குரல் வேண்டுமென்றால் புதிதாக எதையும் சேர்ப்பதைவிட இந்த மோதலைக் குறைப்பதே முதல் வேலை.

அதற்கு நான் கண்டவற்றுள் மிக எளியது இளநீர்க் கடையில் கொடுக்கும் ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் அதன் நுனியை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, உதடுகளை இறுக்கமாகப் பொருத்தி, 'ஊ' என்று ஒரே சுரத்தில் குரல் கொடுக்க வேண்டும். குமிழிகள் ஒரே சீராக எழுந்தால் மூச்சு சீராகப் போகிறது என்று பொருள்; திடீரென்று பொங்கினாலோ நின்றாலோ தொண்டை குறுக்கே புகுந்துவிட்டது. கன்னமும் உதட்டோரமும் லேசாகக் குறுகுறுக்கும். வாயில் தேங்கும் காற்றழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கி வைப்பதால், அவை பலமாக அடித்துக்கொள்ளாமல் அதிர முடிகிறது. பிறகு அதே ஸ்ட்ராவில் ச, ரி, க, ம என்று மெல்ல ஏறி இறங்கலாம். உடனே ஸ்ட்ராவை எடுத்துவிட்டு அகாரத்தில் ('ஆ' என்று) பாடிப் பார்த்தால் வேறுபாடு காதுக்கே தெரியும். எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த அம்மாவுக்கு இந்த அறிவியல் எதுவும் தெரியாது. "தொண்டையப் புடிக்காத கண்ணு, மூச்ச உடு" என்பார். இரண்டும் ஒன்றுதான்.

பேச்சிலும் இதே இடத்தைத்தான் திருத்த வேண்டும். 'அங்கே', 'எங்கே' என்று உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களைத் தொண்டையை அடைத்துத் திறந்து வெடிப்பாகச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மூச்சு முந்தி, குரல் பின்னால் வருமாறு தொடங்கினால் பாதிக் கரகரப்பு அங்கேயே அடங்கும். அடிக்கடி செருமுவதும் நாண்களை ஒன்றோடொன்று அடிப்பதுதான். செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் போதும். குசுகுசுவென்று பேசுவது தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பதும் தவறு. பலருக்கு அதனாலேயே இறுக்கம் கூடுகிறது.

பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகுப்பால் எல்லாம் தொண்டைக்கு இதமே. ஆனால் விழுங்குவது உணவுக்குழலில் போகிறதே தவிர, நாண்களைத் தொடுவதில்லை. ஆவி பிடித்தால் அந்த ஈரம் நேரே போய்ச் சேரும்.

மென்மை என்றதும் மெலிந்த குரலை நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1908-இல் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் ஒலிபெருக்கியை நம்பாத நாடக மேடையில் கணீரென்று பாடிப் பேர் பெற்றவர். அந்தக் குரலில் உரம் இருந்தது, உரசல் இல்லை. அவரைப் போலப் பாட வேண்டுமென்று அவருடைய சுருதியையே பிடிப்பதுதான் வம்பு. கீழே மந்திர பஞ்சமத்தையும் (கீழ் ஸ்தாயி 'ப') மேலே தார ஸ்தாயி மத்தியமத்தையும் (மேல் ஸ்தாயி 'ம') முக்காமல் தொட முடிகிற கட்டை, அதாவது ஆதார சுருதி, எதுவோ அதுதான் நமக்கு. அரைக் கட்டை இறக்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்ட்ராவையும் சாதகத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நாண்களைக் கருவி விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். புகை பிடிப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.