டிக்கெட்டின் படம் டிக்கெட் ஆகாது

ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பு வந்த அன்றே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் என்று எங்கே பார்த்தாலும் "இரண்டு டிக்கெட் இருக்கு, போக முடியலை, வாங்கின விலைக்கே தர்றேன்" என்று பதிவுகள் முளைக்க ஆரம்பித்துவிடும். இதில் நிஜமாகவே போக முடியாமல் விற்கிறவர்களும் உண்டு, சிக்கலே அதுதான். எழுதுகிற எல்லோருமே திருடர்களாக இருந்தால் யாரும் ஏமாறப் போவதில்லை. நல்லவர்கள் நடுவில் நின்றுகொண்டு, அவர்கள் பேசுகிற மாதிரியே பேசுகிறவனிடம்தான் பணம் போகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, டிக்கெட்டை நன்றாகப் பாருங்கள், எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ மங்கலாக இருக்கிறதா என்பது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இன்றைக்கு உங்களுக்கு வருகிற படம் பெரும்பாலும் உண்மையான ஒரு டிக்கெட்டின் படமாகவே இருக்கும், யாரோ சந்தோஷத்தில் பகிர்ந்ததை எடுத்து வைத்திருப்பான். அல்லது அவனிடம் நிஜமாகவே ஒரு டிக்கெட் இருக்கும், அதே ஸ்கிரீன்ஷாட்டைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பான். வாசலில் முதலில் ஸ்கேன் செய்கிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேருக்கும் 'ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது' என்று சிவப்பு விளக்கு எரியும். அந்த ஒன்பது பேரும் வாங்கியது பொய்யான டிக்கெட்டின் படமே இல்லை! அதனால் படத்தை உற்றுப் பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். டிக்கெட் எந்த வழியாக உங்கள் கைக்கு வருகிறது, பணம் எந்த வழியாகப் போகிறது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

என் சித்தி மகள் கொஞ்ச நாள் முன்பு பணம் போடுவதற்கு முன், டிக்கெட் விற்கிற ஒருவரோடு பேசிய சாட் உரையாடலை எனக்குக் காட்டினாள். எதிரில் பேசுகிறவர் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார். "அக்கா, இன்னும் மூணு பேர் கேக்குறாங்க, நீங்க முதல்ல கேட்டதால உங்களுக்காக வச்சிருக்கேன். பாதி மட்டும் இப்ப போடுங்க, டிக்கெட் அனுப்பினதும் மீதி போதும்." நம்பிக்கைக்காக அடையாள அட்டையின் படம் ஒன்று, ஆப்பில் டிக்கெட்டைத் திறந்து காட்டுகிற சின்ன வீடியோ ஒன்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அட்டையில் ஒரு பெயர், பணம் போடச் சொன்ன கணக்கில் வேறு பெயர். கேட்டால் "அது மாமா அக்கவுண்ட் அக்கா, என்னோடது லிமிட் முடிஞ்சிடுச்சு." சரி, ஆப்பிலேயே டிரான்ஸ்ஃபர் பண்ணுங்கள், வந்த உடனே முழுப் பணமும் போடுகிறேன் என்று எழுதச் சொன்னேன். பெயர் மாற்றத்துக்கு முதலில் ஒரு கட்டணம் கட்ட வேண்டும், அது அப்புறம் திரும்ப வந்துவிடும் என்று பதில் வந்தது. அப்படி ஒரு கட்டணம் அந்த ஆப்பில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றதும் பிளாக்.

அந்த அடையாள அட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். "நான் அனுப்பிட்டேன், நீங்களும் உங்க ஐடி அனுப்புங்க, ரெண்டு பேருக்கும் நம்பிக்கையா இருக்கும்" என்று கேட்டு வாங்குவார்கள். நீங்கள் அனுப்பினால் அடுத்த ஆளுக்கு உங்கள் முகம் போகும். அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஈராஸ் டூர் என்ற இசைப் பயணம் 2024-ல் பிரிட்டனுக்கு வரவிருந்த சமயத்தில், அந்நாட்டு லாயிட்ஸ் வங்கி தன் வாடிக்கையாளர்கள் கொடுத்த புகார்களை வைத்து ஒரு மதிப்பீடு வெளியிட்டது. அங்கே ரசிகர்கள் இழந்த பணம் 10 லட்சம் பவுண்டுக்கு மேல். அந்த வங்கிக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை ஃபேஸ்புக்கில் தொடங்கியவை. இவர்களில் பலரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பலர் இளைஞர்கள், போனிலேயே வாழ்கிறவர்கள். அவர்களை விழ வைத்தது ஆசையும் அவசரமும். விற்கிறவன் கையில் உள்ள ஒரே ஆயுதம் அந்த அவசரம்தான். நிஜமாக விற்கிறவருக்கும் கொஞ்சம் அவசரம் இருக்கும், ஆனால் நீங்கள் பத்து நிமிடம் யோசிக்கிறேன் என்றால் அவர் கோபப்பட மாட்டார்.

டிக்கெட் வருகிற வழிக்கு வருவோம். டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் 2019-ல் சேஃப்டிக்ஸ் என்று ஒரு டிஜிட்டல் டிக்கெட் முறையைக் கொண்டுவந்தது. அதில் பார்கோடு சில விநாடிகளுக்கு ஒருமுறை தானாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் வாசலில் அது செல்லாது. இந்த மாதிரி டிக்கெட்டுக்கு யாராவது படம் அனுப்புகிறேன், பிடிஎஃப் அனுப்புகிறேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். அது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும், அதற்குப் பிறகு விற்றவரிடம் அது இருக்காது, உங்கள் ஆப்பில் மட்டும் இருக்கும். வேறு நிறுவனங்களிலும் இதே மாதிரி முறைகள் வந்துவிட்டன. எனவே வாங்குவதற்கு முன் முதல் வேலை, இந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் எந்த வடிவத்தில் தருகிறார்கள், அதைக் கைமாற்ற முடியுமா, எப்போது ஆப்பில் தெரியும் என்று நடத்துகிறவர்களின் பக்கத்தில் போய்ப் படிப்பது. பல நிகழ்ச்சிகளுக்கு பார்கோடே சில நாட்களுக்கு முன்புதான் ஆப்பில் திறக்கும். அதற்கு முன்பே "கையில டிக்கெட் இருக்கு, பார்கோடு அனுப்பட்டுமா" என்று ஒருவர் கேட்டால் அவர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான்.

சில நிகழ்ச்சிகளில் கைமாற்றவே முடியாது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி திருவிழாவுக்கு முன்கூட்டியே புகைப்படத்தோடு பதிவு செய்தவர்கள்தான் டிக்கெட் வாங்க முடியும், டிக்கெட்டிலேயே அவர்கள் படம் இருக்கும், வேறு ஒருவர் அதை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. அப்படியும் அதற்கு ஒவ்வொரு முறையும் ஆன்லைனில் "டிக்கெட் விற்பனைக்கு" என்று பதிவுகள் வருகின்றன. விதியை ஒருமுறை படித்தவருக்கு அந்தப் பதிவு பொய் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போலி வெப்சைட்டுகள் இன்னொரு பக்கம். கூகுளில் தேடினால் மேலே வருகிற முதல் ஒன்றிரண்டு விளம்பரங்களாக இருக்கும், காசு கொடுத்து வருகிற இடம் அது, போலிகளும் அங்கே வரலாம். முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக, ஒரு கோடு கூடுதலாக, கடைசியில் டாட் காம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ. பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், நீங்கள் அனுப்புவது வழியில் திருடு போகாது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேருகிற இடமே திருடனுடையது என்றால் அது என்ன செய்யும்? டொமைன், அதாவது அந்தத் தளத்தின் முகவரி, எப்போது பதிவானது என்று ஹூஇஸ் (WHOIS) என்ற தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து வருட அனுபவம் என்று எழுதியிருக்கும் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இதைவிட எளிய வழி, தேடவே தேடாமல் அந்தக் கலைஞரின் அல்லது அரங்கத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கிருக்கும் லிங்க்கை அழுத்துவது. மறுவிற்பனைக்கும் அப்படித்தான். டிக்கெட்மாஸ்டர், ஏஎக்ஸ்எஸ் போன்றவற்றில் ரசிகர்களே விற்கும் பகுதி உண்டு, டைஸ் ஆப்பில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. பொறுமையாக இருந்தால், நிகழ்ச்சி நெருங்கும்போது அங்கே டிக்கெட்டுகள் திரும்ப வருவது சகஜம்.

பணம் போகிற வழியில் ஒரே கேள்வி: பொருள் வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பேன்? கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. பேபால் என்ற ஆன்லைன் பணம் அனுப்பும் சேவையில், பொருள் வாங்குவதற்கான வழியில் கட்டினால் பாதுகாப்பு உண்டு, 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வழியில் அனுப்பினால் கிடையாது, அதனால்தான் விற்கிறவன் அதில் அனுப்பச் சொல்லிக் கெஞ்சுவான், கமிஷன் மிச்சம் என்பான். நேரடி வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ, கிஃப்ட் கார்டு எண்கள் இவையெல்லாம் போனால் போனதுதான், மீட்பது மிகவும் கஷ்டம்.

தெரிந்தவர்தானே என்ற தைரியமும் இப்போது போதாது. நண்பரின் இன்ஸ்டாகிராம் கணக்கையே திருடி, அவர் பெயரில் டிக்கெட் விற்பனைக்கு என்று ஸ்டோரி போடுகிறார்கள். ஒரு போன் அடித்துக் குரலைக் கேளுங்கள்.

உங்களிடம் நிஜ டிக்கெட் இருந்தால் அதன் பார்கோடைப் படம் எடுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. 2015-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கப் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி ஜெயித்த ஒரு பெண், பந்தயச் சீட்டோடு செல்ஃபி எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். அந்தப் படத்தில் தெரிந்த பார்கோடை வைத்து வேறு யாரோ பரிசுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பார்கோடு மாறாத டிக்கெட் எதற்கும் இதே கதி வரலாம். ஈமெயிலுக்கும் டிக்கெட் ஆப்புக்கும் தனித்தனி பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இரண்டும் இருக்கட்டும், அந்த ஈமெயில் போனால் டிக்கெட்டும் அதோடு போகும்.

ஏமாந்துவிட்டால்? முதலில் வங்கிக்குப் போன் செய்யுங்கள், அந்த ஆளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்குத்தான் லாபம். சாட் உரையாடலை அழிக்காதீர்கள், கணக்கு எண், ப்ரொஃபைல் முகவரி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் போலீசில் புகார் கொடுங்கள், அந்தத் தளத்திலும் ரிப்போர்ட் செய்யுங்கள். தொகை சின்னது, வெட்கமாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஒரே கணக்கு எண் பல புகார்களில் வரும்போதுதான் அதை முடக்குவது எளிதாகிறது, எனவே சின்னத் தொகைக்கும் கொடுங்கள். நீங்கள் ஏமாந்ததைக் குழுவில் எழுதிய கொஞ்ச நேரத்திலேயே "எனக்கும் இப்படி ஆச்சு, இவர் மீட்டுக் கொடுத்தார், இவரிடம் பேசுங்க" என்று ஒருவர் இன்பாக்ஸில் வருவார். முன்பணம் கேட்பார். பழைய ஆளோ அவனுடைய கூட்டாளியோதான் அது, பதிலே போட வேண்டாம்.