டைமண்ட் டிஃபென்ஸ்: காட்பாடி மைதானத்தில் ஆடிப் பார்த்தது

போன கோடையிலிருந்து எங்கள் கால்பந்து அணியின் பின்வரிசையை மாற்றி ஆடி வருகிறோம். நான்கு டிஃபெண்டர்களும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. முன்னால் ஒரு ஸ்டாப்பர், அவருக்குப் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு சைடு பேக், எல்லாருக்கும் பின்னால் ஒரு ஸ்வீப்பர். நான்கு பேரையும் கோடு போட்டு இணைத்தால் சாய்சதுரம் வரும். பசங்க வைத்த பெயர் டைமண்ட். டிவியில் நாம் பார்க்கிற பெரிய அணிகள் இப்படி நிற்பதில்லை. அப்படியிருக்க நாங்கள் ஏன் இதை எடுத்தோம், எங்கே தாங்கியது, எங்கே தாங்கவில்லை என்று இதுவரை தெரிந்ததை எழுதி வைக்கிறேன். சின்ன ஊர்களில் அணி நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் காரணம் புரியும். ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், கொஞ்சம் பேர் கல்லூரிப் பசங்க. காந்தி நகர், விருதம்பட்டு, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் சத்துவாச்சாரி, பாகாயம் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். வேலூர் வெயிலில் மாலை ஐந்து மணிக்கு முன்னால் மைதானத்தில் கால் வைக்க முடியாது. தரை செம்மண். ஏப்ரல், மே மாதத்தில் இறுகிப் போய்விடும். எதிரணி கீப்பர் ஓங்கி உதைக்கிற பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழுந்து, மறுபடி எகிறும்போது டிஃபெண்டரின் தலையைத் தாண்டிப் போகும். கோட்டில் நிற்கிற நாலு பேரும் அந்த ஒரே எகிறலில் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அது ஃபார்வர்டுக்கும் கீப்பருக்கும் நடுவிலான ஓட்டப்பந்தயம்தான். நாங்கள் வாங்கிய கோல்களில் பெரும்பகுதி இப்படி வந்தவை.

இரண்டாவது காரணம் ஆஃப்சைடுக்குத் தூக்குகிற கொடி. பந்து தரப்படும்போது, கீப்பரை விட்டால் கடைசியாக நிற்கிற டிஃபெண்டரைத் தாண்டி ஃபார்வர்டு நின்றால் அது ஆஃப்சைடு. எங்கள் ஆட்டங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு ரெஃப்ரி, ஒரு விசில். லைன்ஸ்மேன் கிடையாது. இருந்தாலும் ஏதாவது ஒரு அணியின் சப்ஸ்டிட்யூட் கொடியைப் பிடித்து நிற்பார். நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருக்கிற ரெஃப்ரி முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி நடக்கும் ஆஃப்சைடை எப்படிச் சரியாகப் பார்ப்பார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

நேர்க்கோட்டு டிஃபென்ஸ் என்பதே ஆஃப்சைடை நம்பி நிற்கிற ஏற்பாடு. 1925 வரை, பந்து தரப்படும்போது ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் போன்ற பேக்குகள் இதை வைத்தே ஃபார்வர்டுகளைத் திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் மாட்டிவிட்டார்கள். ஆட்டம் அடிக்கடி நின்றது. அந்த ஆண்டு மூன்று இரண்டாகக் குறைந்தது. பின்னால் இடம் திறந்துகொண்டதால் ஆர்செனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்களத்தில் ஆடிய சென்டர் ஹாஃபைக் கீழே இறக்கி, பின்னால் மூன்று பேர் நிற்கும்படி செய்தார். நாம் இன்றும் சொல்கிற ஸ்டாப்பர் பேக் அப்படி வந்தவர். பிறகு பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி இத்தாலியின் மிலன் அணியில் நாலு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே நேரத்தில் முன்னேற வைத்து, 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கினார். பரேசி, மால்தீனி, கோஸ்தாகூர்த்தா, தஸ்ஸோத்தி போன்றவர்கள் தினமும் சேர்ந்து பயிற்சி செய்து கற்ற வித்தை அது. அதற்கும் கொடி தூக்க ஒருவர் வேண்டும். வாரத்தில் சில மாலைகள் மட்டும் சேர்கிற எங்களுக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, கொடியும் இல்லை. அப்புறம் அந்தக் கோட்டை மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

பின்னால் ஒரு ஆளைத் தனியாக நிறுத்துவது புதிதல்ல. 1930களில் சுவிட்சர்லாந்தில் கார்ல் ராப்பன் செய்தார். அவருடைய அணி 1938 உலகக் கோப்பையில் ஜெர்மனியை 4-2 என்று வென்று வெளியே அனுப்பியது. இத்தாலியில் நெரியோ ரோக்கோவும், 1964, 1965இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற ஹெலெனியோ ஹெரேராவின் இன்டர் அணியும் இதைப் பெரிதாக்கினார்கள். அந்த இன்டரில் பின்னால் நின்ற அர்மாண்டோ பிக்கிதான் கேப்டன். ஜெர்மனியின் ஸ்வீப்பர் பெக்கன்பவரைச் சொல்லவே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2004 யூரோவில் கிரீஸ். எல்லாரும் கைவிட்ட பிறகு அதன் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல் ஸ்வீப்பரை வைத்து ஆடினார். டெல்லாஸ் பின்னால் நிற்க, பிரான்ஸ், செக் குடியரசு, போர்ச்சுகல் மூன்றையும் 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். காலாவதியானது என்று ஒதுக்கிய ஏற்பாடு சரியான ஆட்களிடம் சரியான ஆட்டத்தில் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

இன்று அந்த வேலையைக் கீப்பர்கள் செய்கிறார்கள். சக ஆட்டக்காரர் காலால் தருகிற பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992இல் விதி வந்த பிறகு, கீப்பர்கள் காலால் ஆடப் பழகினார்கள். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனி கீப்பர் நோயர் பெனால்டி பாக்ஸை விட்டு ஓடிவந்து ஓடிவந்து பந்தை வெட்டியதை மறக்க முடியாது. எங்கள் கீப்பர் தம்பிக்கு அந்தத் தைரியம் உண்டு. ஆனால் எங்கள் தரையில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை தவறினால் கோல் காலி.

சரி, செய்தது இதுதான். முதலில் சுண்ணாம்புத் தூளால் தரையில் டைமண்டை வரைந்தேன். சைடு பேக்குகளுக்கும் ஸ்வீப்பருக்கும் நடுவில் பத்து எட்டு (காலடி) தூரம். ஸ்டாப்பர் அதே அளவு முன்னால். எதிரணி இரண்டு ஃபார்வர்டோடு ஆடினால் சைடு பேக்குகள் உள்ளே வந்து ஆளுக்கு ஒருவரைப் பிடிக்க வேண்டும். உயரத்தில் வருகிற முதல் பந்து ஸ்டாப்பருக்கு. அவரைத் தாண்டியது எல்லாம் ஸ்வீப்பருக்கு. ஸ்வீப்பர் யாரையும் மார்க் செய்வதில்லை, அதாவது எந்த ஃபார்வர்டையும் ஒட்டி நிற்பதில்லை.

இந்தக் கடைசி வரிதான் பசங்களுக்கு இறங்கவில்லை. "இன்னாண்ணா, ஒரு ஆளு சும்மா நிக்கிற மாதிரி கீது, முன்னாடி ஒரு ஆளு குறையுதே" என்று வலது பக்க சைடு பேக் கேட்டான். நியாயமான கேள்வி. அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயிற்சியாளர் மார்சேலோ பியல்சா கடைப்பிடித்த கணக்கை அவனுக்குச் சொன்னேன்: எதிரணி ஃபார்வர்டுகளைவிட நம் நடு டிஃபெண்டர்கள் எப்போதும் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். அவர்கள் இரண்டு என்றால் நாம் மூன்று, அவர்கள் ஒன்று என்றால் நாம் இரண்டு. அந்தக் கூடுதல் ஆள் எங்கே நிற்கிறார் என்பதில்தான் நாங்கள் வழக்கத்திலிருந்து விலகுகிறோம்.

ஸ்வீப்பராக நிறுத்தியது எங்கள் அணியிலேயே வயதில் மூத்த அண்ணனை. நாற்பதைத் தாண்டியவர். ஓட்டம் குறைந்துவிட்டது. ஆனால் பந்து எங்கே விழும் என்று எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொள்கிறவர். எப்படி என்று கேட்டதற்கு, "உதைக்கிறவன் ஊன்றுகிற காலைப் பாரு. பாதம் எந்தப் பக்கம் திரும்புதோ, பந்து அந்தப் பக்கம்தான். பந்தைப் பார்த்துக்கிட்டு நின்னா லேட்டாயிடும்" என்றார். அன்றிலிருந்து எல்லா டிஃபெண்டர்களுக்கும் இதைப் பயிற்சியாகவே வைத்துவிட்டேன். உதைக்கிறவரை நிறுத்தி, பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே "இடது", "வலது" என்று கத்த வேண்டும். தரை சரியில்லாத எந்த அணிக்கும் இதைச் சிபாரிசு செய்வேன்.

ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்த ஓர் அணியோடு ஆடியபோதுதான் முதன்முதலாக எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு வேகமான ஃபார்வர்டுகள், நீளப் பந்துதான் அவர்கள் ஆட்டம். அவர்கள் கீப்பர் உதைத்தார். எங்கள் ஸ்டாப்பர் எம்பினார், தலையில் படவில்லை. பந்து தரையில் பட்டு எகிறியது. இரண்டு ஃபார்வர்டும் பாய்ந்தார்கள். முன்பெல்லாம் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும். இப்போது அண்ணன் ஏற்கெனவே இடது பக்கம் நாலு எட்டு நகர்ந்து, உடம்பைப் பாதி திருப்பி நின்றிருந்தார். இரண்டாவது எகிறலை மார்பில் வாங்கி, காலுக்கு இறக்கி, ஓட்டமே இல்லாமல் இடது சைடு பேக்குக்குத் தட்டினார். பிரமாதமான காட்சி ஒன்றுமில்லை, யாரும் கை தட்டவுமில்லை. ஆனால் அந்த ஒரு பந்தில் ஏற்பாடு முழுவதும் இருந்தது. நேர்க்கோட்டில் ஒரு பந்து நாலு பேரைத் தாண்டும். டைமண்டில் ஒருவரைத் தாண்டினால் இன்னொருவர் இருக்கிறார்.

குறை மைதானத்தின் மூலைகளில் தெரிந்தது. கோட்டோரம் ஆடுகிற விங்கரை வைத்து ஆடுகிற அணிகள் சைடு பேக்குக்குப் பின்னால், கார்னர் கொடியை நோக்கிப் பந்தைப் போடுவார்கள். அதைத் துரத்த ஸ்வீப்பர்தான் போக வேண்டும். அவர் போனதும் கோலுக்கு முன்னால் ஒருவருமில்லை. இதற்காக ஒரு விதி வைத்தோம்: ஸ்வீப்பர் வெளியே போனால் ஸ்டாப்பர் திரும்பிப் பார்க்காமல் கோலை நோக்கி ஓடி அந்த இடத்தை நிரப்ப வேண்டும், எதிர்ப்பக்க சைடு பேக் உள்ளே வர வேண்டும். சொல்வது சுலபம். ஸ்டாப்பராக ஆடுகிறவருக்குப் பந்தை நோக்கி முன்னேறுவதுதான் இயல்பு, முதுகைக் காட்டி ஓடுவது அல்ல. பந்தே இல்லாமல், நான் கை காட்டும் பக்கத்துக்கு நான்கு பேரும் நகர்வதை மட்டும் சாயங்காலம் சாயங்காலம் செய்தோம். அலுப்பான பயிற்சி. ஆனாலும் இதைச் செய்யாமல் டைமண்டை ஆட்டத்துக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

மழை வந்தபோது அளவு மாறியது. சேறான தரையில் பந்து எகிறாமல் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பத்து எட்டு பின்னால் நிற்கிறவர் வந்து சேர்வதற்குள் ஃபார்வர்டு அதை எடுத்துவிடுகிறார். அதனால் ஈரத் தரையில் ஐந்து எட்டு, காய்ந்த தரையில் பத்து என்று வைத்தோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அண்ணன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு, எவ்வளவு எகிறுகிறது என்று பார்த்துத் தூரத்தை முடிவு செய்கிறார். பந்து எங்கள் பாக்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் எந்தத் தரையிலும் டைமண்டை மறந்து நெருங்கிவிட வேண்டும்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு போட்டியில் முறையான லைன்ஸ்மேன்கள் இருந்தார்கள். அங்கேதான் பெரிய சோதனை. கீப்பரை விட்டால் கடைசி ஆள் ஸ்வீப்பர்தான் என்பதால் ஆஃப்சைடு கோடு அவர் நிற்கிற இடம். அவர்கள் ஃபார்வர்டு இதைச் சட்டென்று புரிந்துகொண்டு, அண்ணனை ஒட்டியே நின்றுகொண்டான். அவன் பின்னால் போகப் போக, இவரும் பின்னால் போனார். ஸ்டாப்பருக்கும் ஸ்வீப்பருக்கும் நடுவில் பெரிய காலியிடம் விழுந்தது. அதில் அவர்கள் மிட்ஃபீல்டர்கள் வந்து நிதானமாகப் பந்தை வாங்கி ஷாட் அடித்தார்கள். இடைவேளையில் முடிவை மாற்றினோம். எதிரணி பந்தைப் பின்னுக்குத் தள்ளினாலோ, பந்து வைத்திருப்பவர் நம் கோலுக்கு முதுகைக் காட்டினாலோ அண்ணன் "ஏறு" என்று கத்தி, அந்த ஃபார்வர்டைத் தாண்டி சைடு பேக்குகளின் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். பந்து வைத்திருப்பவர் தலை நிமிர்ந்து, உதைக்கத் தயாராக இருந்தால் "இறங்கு". கொடி இருந்ததால் இது செல்லுபடியானது. அதாவது கொடி உள்ள மைதானத்தில் டைமண்ட் நிரந்தர நிலை ஆகாது. பந்து வருகிற ஆபத்து இருக்கும்போது மட்டும் விரிகிற நிலை.

இதுவரையிலான கணக்கு: பின்னால் தனியாக ஓடிவந்து போடுகிற கோல்கள் நன்றாகக் குறைந்துவிட்டன. அதற்கு விலையாக, பாக்ஸுக்கு வெளியிலிருந்து வருகிற ஷாட்கள் கூடியிருக்கின்றன. ஸ்டாப்பரின் இரண்டு பக்கமும் உள்ள இடம் இன்னும் அடைபடவில்லை. எங்கள் கீப்பர் தம்பி தூர ஷாட்களில் கெட்டிக்காரன் என்பதால் இந்தப் பேரத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். வேறு கீப்பராக இருந்தால் யோசிப்பேன். எதிரணி ஒரே ஃபார்வர்டும் இரண்டு அகல விங்கர்களுமாக ஆடினால் இப்போதைக்கு டைமண்டை எடுப்பதில்லை. சைடு பேக்குகள் கோட்டோரமாக இழுபட்டுப் போக, நடுவில் இரண்டு பேர் அநாதையாக நிற்கிறார்கள். அந்த ஆட்டங்களில் பழைய நாலு பேர் கோடுதான்.

அடுத்து முயலப்போவது சாய்ந்த டைமண்ட். வலது சைடு பேக் வேகமானவன், மேலே ஏறிப் போக ஆசைப்படுகிறவன். அவனை ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் முன்னால் விட்டு, இடது சைடு பேக்கைக் கீழே இழுத்து, ஸ்வீப்பரை வலது பக்கமாக இரண்டு எட்டு தள்ளி நிறுத்தப் போகிறோம். ஸ்டாப்பருக்கு வலப்புறமுள்ள ஓட்டை இதில் அடைபட வேண்டும். இடப்புறத்துக்கு ஒரு மிட்ஃபீல்டரைக் கேட்டிருக்கிறேன், அவனும் ஒத்துக்கொண்டான். சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. இந்த வாரத்திலிருந்து பந்து இல்லாத நகர்வுப் பயிற்சி.