குரூப் இருமலும் குமுளி மலையிறக்கமும்

சளி, லேசான காய்ச்சல், கம்மிப்போன குரல். இதுவரைக்கும் எல்லா வீட்டிலும் வருவதுதான். நடுராத்திரியில் ஒன்றரை வயது மகள் நாய் குரைக்கிற மாதிரி இருமிக்கொண்டு எழுந்தாள், மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம். அத்தை உடனே அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டார். "ஆவி புடிச்சா கேட்டுரும்மா." நான் ஒத்துக்கொள்ளவில்லை. இது குரூப், சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சுப்பாதை வீங்கி இப்படிக் குரைப்பு இருமல் வருகிற நோய். அதற்கு ஆவி பலன் தருவதாக நிரூபணம் எதுவும் இல்லை, திமிறுகிற குழந்தைமேல் வெந்நீர் கொட்டினால் அது வேறு ஆஸ்பத்திரிச் செலவு.

குமுளிப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெயர் வேண்டாம். சீட்டு போடுகிறவருக்குக் குழந்தையைவிட 'வீட்டுப்பேர்' கட்டம்தான் முக்கியம். கேரளாக்காரர்களுக்கு வீட்டுக்குப் பேர் உண்டு, வாடகை வீட்டில் இருக்கிற எங்களுக்கு ஏது? அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் எடுக்காது என்று நிற்கிறார். கடைசியில் என் வீட்டுக்காரர் ஓனர் பெயரையே வீட்டுப்பேராகச் சொல்லி ஒப்பேற்றினார்.

உள்ளே போனால் அதைவிட மோசம். சிஸ்டர் என் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி, கட்டிலில் மல்லாத்தி, நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் அமுக்கினார். டியூட்டி டாக்டர் நாக்கை அமுக்கித் தொண்டையைப் பார்க்க வந்தார். அவள் அலற அலற விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. குரூப்பில் வீங்குவது குரல் நாண்களுக்குக் கீழே, மூச்சுப்பாதையின் ஏற்கெனவே குறுகலான இடம், அழுதால் இழுப்பு இன்னும் கூடும். "வீசிங்" என்று சொல்லிவிட்டார். வீசிங் பெரும்பாலும் மூச்சு வெளியே வரும்போது கேட்கும், இவளுக்கோ உள்ளே போகும்போது. ஆஸ்துமா நெபுலைசர் இதற்கு வேலை செய்யாது. பெரும்பாலும் பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸால் வருகிற நோய்க்கு ஆன்டிபயாட்டிக்கும் இருமல் சிரப்பும் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள்.

தோளில் போட்டுக்கொண்டதும் அழுகை நின்றது, இழுப்பும் குறைந்தது. அதனால்தான் மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற கம்பத்துக்கு இறங்கலாம் என்று முடிவெடுத்தோம். சும்மா இருக்கும்போதும் சத்தம் நிற்காவிட்டாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ பிள்ளை துவண்டாலோ மலையிறங்குகிற வேலையே வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு ஆக்சிஜன் இருக்கிற பக்கத்து இடத்துக்குப் போங்கள். எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், கடுங்காய்ச்சலும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். சளியே இல்லாமல் திடீரென்று ஆரம்பித்தால் கடலை கிடலை அடைத்திருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்ஸி கண்ணாடியை இறக்கி விட்டேன். "பனிக்காத்துல பிள்ளையக் கொல்லப் போறியா" என்று அத்தை. லோயர் கேம்ப் தாண்டுவதற்குள் கரகரப்பே கேட்கவில்லை. குளிர்காற்று லேசான குரூப்புக்கு இதமாக இருக்கும் என்பது சரிதான், ஆனால் அதிலேயே ஒரு சிக்கல்: டாக்டரிடம் போய்ச் சேரும்போது குழந்தை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நாம் சொல்வதை யார் நம்புவார்கள்? நல்லவேளை, வீட்டிலேயே இருமலையும் இழுப்பையும் போனில் பிடித்து வைத்திருந்தேன். கம்பத்துக் குழந்தை டாக்டர் அதைக் கேட்டதுமே "குரூப்" என்றார்.

என் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தபடியே பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. எடை கேட்டார் (டோஸ் கிலோ கணக்கு, எடையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்). டெக்ஸாமெத்தசோன், வாய்வழியாக, ஒரே ஒரு வேளை. முழுசாகக் கேட்கச் சில மணி நேரம் ஆகும், அதுவரை உட்காருங்கள் என்றார். இழுப்பு அதிகமான குழந்தைக்கு அட்ரினலின் நெபுலைசர் வைப்பார்களாம், அதன் வேகம் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும், அதனால் வைத்த கையோடு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி யாரும் அவசரப்படாதீர்கள்.

மறுநாள் ராத்திரியும் குரைப்பு வந்தது. ராத்திரியில் கூடுவதுதான் இதன் குணம், பயப்படவில்லை. தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நடந்தேன், தூங்கிவிட்டாள்.

அந்த ஆன்டிபயாட்டிக் பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது. கொண்டுபோய் மெடிக்கல் ஷாப்பில் நீட்டினால் "மருந்து ரிட்டன் எடுக்க மாட்டோம்" என்றார்கள். பில்லையும் கம்பத்துச் சீட்டையும் மேஜைமேல் வைத்து அங்கேயே நின்றேன், கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.