ஸ்டீயரிங் அலைந்தால் பாக்ஸ் ஸ்குரூவைக் கடைசியாகத் தொடுங்கள்

ஆடி மாதம் தாராபுரம் ரோட்டில் பழைய பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஸ்டீயரிங் லூஸா, காற்றின் வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் காற்று அடங்கிய நேரத்தில், நேரான ரோட்டில், காலி வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்படித்தான் பார்த்தேன். காற்றே இல்லை, ஆனாலும் வண்டி இரண்டு பக்கமும் அலைந்தது.

ஒரே பக்கமாக இழுத்தால் அது வேறு கதை. ஒரு டயரில் காற்று குறைந்திருக்கும், ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லை அலைன்மென்ட் போயிருக்கும். இரண்டு பக்கமும் அலைந்தால் பெரும்பாலும் எங்கோ தேய்மானம் இருக்கிறது. டயர் காற்றை மட்டும் முதலில் சரிபார்த்துவிடுங்கள், காசே ஆகாத வேலை.

என் வண்டிக்கு முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான், அதாவது அடுக்கடுக்கான இரும்புப் பட்டை. இரண்டு முன் சக்கரத்தையும் சேர்க்கிற முழு ஆக்ஸில், சக்கரம் திரும்புகிற அச்சாக கிங் பின். பவர் ஸ்டீயரிங் கிடையாது. சேஸில் உட்கார்ந்திருக்கிற பல் சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம் என்கிற கை, அதிலிருந்து டிராக் லிங்க் என்கிற ராடு, அப்புறம் சக்கரம் என்று வரிசையாகப் போகும். இந்த மாதிரி வண்டி அலைகிறது என்றால் ஸ்டாண்டில் உடனே ஒரு வைத்தியம் சொல்வார்கள்: "பாக்ஸ் மேல இருக்கிற ஸ்குரூவை அரைச் சுத்து டைட் வைங்க." நானும் பல பேரிடம் கேட்டுவிட்டேன். இதைத்தான் நான் எதிர்க்கிறேன். பாக்ஸுக்குள் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி, சக்கரம் நேராக இருக்கும்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். கணக்கில்லாமல் ஸ்குரூவை இறுக்கினால் அந்த நடு இடத்தில்தான் பிடிக்கும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, ஒவ்வொரு தடவையும் நாமே திருப்ப வேண்டும், அலைச்சல் இன்னும் கூடும். உள்ளே பல்லும் தேய்ந்துபோகும். உண்மையான லூஸ் வேறெங்கோ அப்படியே இருக்கும். அது கழன்று விழுகிற டை ராடு எண்டாக (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற ராடின் முனை) இருந்தால் உயிருக்கே ஆபத்து.

நான் செய்தது எளிய சோதனை. அக்கா மகனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். வண்டி சமதரையில், நாலு சக்கரமும் தரையில், ஜாக்கி வேண்டாம். சக்கரம் அசையாத அளவுக்கு ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆட்டச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்தேன்.

"மாமா, இவ்வளவு போதுமா?"

"போதும் மாப்ள, நிறுத்தாம ஆட்டிக்கிட்டே இரு."

மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். பாக்ஸுக்குள் போகிற ராடு திரும்புகிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் லூஸ் பாக்ஸில். டிராப் ஆர்ம் அசைகிறது, டிராக் லிங்க் தாமதமாக வருகிறது என்றால் லூஸ் இரண்டையும் இணைக்கிற பால் ஜாயின்டில். இப்படியே டை ராடு எண்டு வரைக்கும். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும். ஜாயின்டின் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்தால் 'டக்' என்று கைக்குத் தெரிந்துவிடும். பாக்ஸ் சேஸோடு சேரும் போல்ட்டுகளிலும் கை வைத்துப் பாருங்கள். பாக்ஸே நகர்கிற வண்டிகளும் உண்டு, அங்கே சேஸில் விரிசல் இருக்கிறதா என்றும் துடைத்துப் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் பாக்ஸ் நன்றாக இருந்தது. டிராப் ஆர்ம் பக்கத்து பால் ஜாயின்டில் கொஞ்சம் ஆட்டம். ஆனால் பெரிய விஷயம் வேறொன்று. ஸ்டீயரிங்கை ஆட்ட ஆட்ட, சக்கரம் திரும்புவதற்கு முன்னால் சேஸே பக்கவாட்டில் நகர்ந்தது. முன் பட்டையை சேஸோடு மாட்டுகிற ஷேக்கிளிலும், பட்டையின் முன் நுனி வளையமான கண்ணிலும் இருந்த புஷ் தேய்ந்து, அதற்குள் போகிற பின் (ஊசி) ஆடிக்கொண்டிருந்தது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலை இடத்தில் பிடித்து வைப்பதே அந்தப் பட்டைதான். புஷ் போனால் ஆக்ஸில் தன் இஷ்டத்துக்குப் போகும், ஸ்டீயரிங்கில் எவ்வளவு செலவு செய்தாலும் அலைச்சல் நிற்காது. ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டுகிற யூ போல்ட்டையும் அப்போதே இறுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் தெரிந்தது. மாப்பிள்ளையை பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன், நின்றுவிட்டது. அப்படியென்றால் வீல் பேரிங். பிரேக் மிதித்த பிறகும் ஆடியிருந்தால் கிங் பின்னைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

லோடுக்காகப் பின்னால் கூடுதல் பட்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலி வண்டியில் பின்பக்கம் தூக்கி நிற்கும், முன்பக்கம் தாழும். கிங் பின் பின்னால் சாய்ந்திருக்கிற கோணம், அதாவது காஸ்டர், அதனால் குறையும். சக்கரத்தைத் தானாக நேர்ப்படுத்துவது அந்தக் கோணம்தான். "லோடு இருந்தா நல்லா போகுது, காலியா இருந்தா அலையுது" என்று சொல்கிற பல வண்டிகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

புஷ்ஷும் பின்னும் மாற்றி, பால் ஜாயின்ட் மாற்றி, பேரிங்கை அளவாக இறுக்கி, கடைசியாக அலைன்மென்டில் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, பார்த்தோம். அலைன்மென்டை முதலில் செய்தால் வீண் செலவு, ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு எடுத்த அளவு நிற்காது. ஸ்டீயரிங் விளிம்பில் பிளே, அதாவது சக்கரம் திரும்பாமல் சும்மா ஆடுகிற அளவு, இப்போது இரண்டு விரல் அகலத்துக்குள். 30 மி.மீ. வரை இருக்கலாம் என்று சில வண்டிகளின் கையேட்டில் பார்த்திருக்கிறேன். பாக்ஸ் ஸ்குரூவில் இன்னும் ஸ்பேனர் படவில்லை. ஆயில் சீலில் லேசான கசிவு தெரிகிறது, அடுத்த வேலை அதுதான்.