வண்ணார்பேட்டை மாடியறைக் குறிப்புகள்

நவம்பர் 2

கணினியில் விமானம் ஓட்டுவதற்கு, காற்றின் இறுக்கத்தைக் கையில் உணர்த்தும் ஜாய்ஸ்டிக் ஒன்றை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து, காயலாங்கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டேன். மின்சாரம் கொடுத்தால் அது ஜாய்ஸ்டிக்கை வலுவாகத் தள்ளுகிறது. நான் தள்ளினால் அசைய மறுக்கிறது. உள்ளே இருப்பது வார்ம் கியர். திருகு பல்லைச் சுழற்றும், பல் திருகைச் சுழற்றாது. பேட்டை லேத்துப் பட்டறை அண்ணாச்சி அதைக் கையில் வாங்கியதுமே, “இது ஒருவழிப் பாதைல்லா தம்பி” என்றார். எனக்கு வேண்டியதோ, கையும் மோட்டாரும் ஒன்றையொன்று தள்ளிப் பார்க்கும் பாதை.

நவம்பர் 4

வீட்டுக்காரர் வந்தார். முப்பதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

நவம்பர் 7

மின்சார ஸ்கூட்டரின் 24 வோல்ட் மோட்டார்கள் இரண்டு கிடைத்தன. முன்பின் அசைவுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று. மோட்டாரில் 20 பல் புல்லி, தண்டில் 100 பல் புல்லி, இடையே பல் பெல்ட். சூடேறாமலிருக்க மோட்டாரிடம் 0.6 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஐந்து மடங்கானால் 3. பிடி 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் கைக்கு வருவது 12 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 1.2 கிலோவைத் தாங்கும் அழுத்தம். கேட்கச் சிறிதாக இருக்கலாம். அரை மணி நேரம் பிடித்திருக்கும் மணிக்கட்டுக்கு அது சிறிதல்ல. பெரிய புல்லியின் துளையை அண்ணாச்சி இரண்டு முறை அளந்து கடைந்து கொடுத்தார். அங்கே மயிரிழை ஆட்டம் இருந்தாலும் பிடியில் அது தட்டுப்படும் என்பதை நான் சொல்லாமலே அவர் அறிந்திருந்தார்.

நவம்பர் 10

நடுங்குகிறது. கையை எடுத்தவுடன் நடுவில் நிற்க வேண்டிய பிடி இப்படியும் அப்படியும் ஆடி, ஆட்டம் வளர்ந்து, மேசையையே உலுக்குகிறது. நடுவை நோக்கி இழுக்கும் ஸ்பிரிங் விசையை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பது பிறகே உறைத்தது. ஐந்துக்கு ஒன்று என்ற பல் விகிதத்தில் மோட்டார் சுழலியின் நிலைமம் தண்டில் இருபத்தைந்து மடங்காகத் தெரியும். அந்தப் பாரம் நடுவைக் கடந்து ஓடிவிடுகிறது. மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகை கணக்கிட்டு அனுப்பும் விசையோ சற்றுப் பிந்தி வந்து, ஓடுவதையே மேலும் தள்ளிவிடுகிறது.

நவம்பர் 11

இன்றும் நடுங்குகிறது.

நவம்பர் 13

வேகத்துக்கு எதிராக இழுக்கும் தணிப்பு விசையைச் சேர்த்தேன். நடுக்கம் குறைந்தது, ஆனால் பிடி சொரசொரவென்று அதிர்கிறது. குற்றம் பிடியின் கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் இருக்கிறது. என் மின்னணுப் பலகையான ஆர்டுயினோ லியனார்டோ அதன் 270 பாகைச் சுழற்சியை 1024 படிகளாகப் படிக்கிறது; பிடி அசைவதோ 40 பாகை, அதற்குக் கிடைப்பவை 150 படிகள். இரண்டு படிகளுக்கு நடுவே வேகம் சுழியம், படி மாறும் கணத்தில் வேகம் பெரிது, விசையும் அப்படியே துள்ளுகிறது. 14 பிட் காந்த உணரிக்குப் பணம் கட்டிவிட்டேன். அதே 40 பாகைக்கு அது 1800 படிகளுக்கு மேல் தரும்.

நவம்பர் 16

விடாத மழை. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். பார்சல் எங்கே நிற்கிறதோ தெரியவில்லை. அம்மா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். ஜாய்ஸ்டிக்கைக் காட்டி, “அதையும் கழற்றேன்” என்கிறார். இரவு சாப்பாட்டின்போது மறுபடியும் சொன்னார். கழற்றிவிட்டால் புது வீட்டில் இதைப் போல்ட்டால் இறுக்கியிருக்கும் இந்தத் திண்டும் இந்த உயரமும் கிடைக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும்; அந்த ஒன்றை உணராமல் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. செஸ்னா 172 போன்ற விமானத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரும் விமானியின் கையும் கம்பி வடத்தால் இணைக்கப்பட்டிருக்கின்றன. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வேகம் பாதியானால் கையில் தெரியும் இறுக்கம் காலாகக் குறைகிறது. இறக்கை தூக்கும் விசையை இழக்கும் ஸ்டாலை நெருங்கும்போது பிடி தளர்ந்து போகும். அந்தத் தளர்ச்சிதான் செய்தி. கடையில் வாங்கும் சாதாரண ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக் பறந்தாலும் விழுந்தாலும் ஒரே இறுக்கத்தில் இருக்கும். நான் கட்டுவது பலமாகத் தள்ளும் கருவியல்ல, தளர வேண்டிய நேரத்தில் தளரும் கருவி.

நவம்பர் 17

பார்சல் வரவில்லை.

நவம்பர் 21

வந்தது. தண்டின் முனையில் வட்டக் காந்தத்தை ஒட்டி, அதன் நேர் மையத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உணரியைப் பொருத்தினேன். மாலை ஐந்து மணிக்குக் கையை எடுத்தேன். பிடி நடுவுக்கு வந்து நின்றது. மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பில் அலைகூட இல்லை.

நவம்பர் 24

விமானம் ஓட்டும் மென்பொருளான எக்ஸ்-பிளேன், யூடிபி என்ற வலைத்தொடர்பு முறை வழியாக அனுப்பும் காற்று வேகத்தை என் நிரல் வாங்கி, அதன் இருமடிக்கு ஏற்ப முன்பின் அசைவின் ஸ்பிரிங் விசையை மாற்றுகிறது. எஞ்சினைக் குறைத்து மூக்கை உயர்த்திக்கொண்டே போனேன். கண்ணை மூடியிருந்தேன். பிடி மெல்ல, மிக மெல்ல, இளகியது. எச்சரிக்கை ஒலி அதற்குப் பிறகுதான் வந்தது. இரவு பதினொன்று வரை பதினேழு முறை செய்தேன். அம்மா இரண்டு முறை மாடிக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

நவம்பர் 28

பக்கவாட்டு அசைவில் இன்னும் பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான் இருக்கிறது, அது இன்னும் அதிர்கிறது. புல்லியும் தண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டுவிட்டுத் திண்டிலிருந்து நான்கு போல்ட்டுகளையும் கழற்றினேன். வேன் நாளைக் காலை ஏழு மணிக்கு.